ஒருக்களித்து நுழையும் சொல்: ஆங்கிலப் பேச்சுக்குள் இடம் பிடிப்பது எப்படி

பர்மிங்ஹாமில் நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம். ஒரு பாலத்தின் வடிகால் அமைப்பைப் பற்றிய கூட்டம். மேசையைச் சுற்றி ஏழு பேர். நடுவில் விரித்திருந்த வரைபடம் பழைய பதிப்பு. அதிலிருந்த மட்ட அளவுகள் மாறிவிட்டன என்பது எனக்குத் தெரியும். புதிய பதிப்பை முந்தைய நாள் சரிபார்த்தவனே நான்தான். நாற்பது நிமிடக் கூட்டத்தில் நான்கு முறை வாயைத் திறந்தேன். நான்கு முறையும் எனக்கு முன்னால் வேறொருவர் தொடங்கிவிட்டார். கூட்டம் கலைந்தது. பழைய அளவை வைத்தே இரண்டு வாரம் வேலை நடந்தது. பிறகு அத்தனையும் முதலிலிருந்து செய்யப்பட்டது.

கூட்டம் முடிந்த பிறகாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நாற்பது நிமிடம் பேசாமல் இருந்தவனுக்கு அதற்குள் தன் மீதே ஐயம் வந்துவிடுகிறது. இவ்வளவு உறுதியாகப் பேசுகிறார்களே, எனக்குத் தெரியாத வேறு ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பேச முடியாமல் போவதன் உண்மையான இழப்பு இதுதான் என்று இன்றும் நம்புகிறேன். சொல் வெளியே வராதபோது, தெரிந்த விஷயமும் மெல்ல மெல்லத் தெரியாததுபோல் ஆகிவிடுகிறது.

அன்று படிக்கட்டில் இறங்கும்போது, பக்கத்தில் அமர்ந்திருந்த மூத்த பொறியாளர் அம்மையார் என்னிடம் பரிவோடு சொன்ன வாக்கியம் இது: "யூ குடுன்ட் கெட் எ வர்ட் இன் எட்ஜ்வேஸ், குட் யூ?" அதுவரை அந்தக் கடைசிச் சொல்லை நான் கேட்டதே இல்லை. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் அந்தச் சொல்லையும், அது சொல்லும் சங்கடத்தையும், அதிலிருந்து வெளியே வரும் வழிகளையும் ஒவ்வொன்றாகக் கற்றேன். ஆங்கிலம் பேசும் அலுவலகத்துக்கோ கல்லூரிக்கோ புதிதாகப் போகிறவர்களுக்காக அவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொற்றொடரைப் புரிந்துகொள்ளுங்கள்

'எட்ஜ்' என்றால் விளிம்பு. 'எட்ஜ்வேஸ்' என்றால் விளிம்பு முன்னே வரும்படி, பக்கவாட்டில். நெருக்கமாக அடுக்கிய புத்தக அலமாரியில் ஒரு மெல்லிய அட்டையைச் செருக வேண்டுமானால் எப்படிச் செருகுவீர்கள்? தட்டையாக வைத்தால் போகாது. விளிம்பாகத் திருப்பினால் போகும். பாதி திறந்த கதவில் நாம் உடலை ஒருக்களித்து நுழைகிறோமே, அதே செயல்தான். எதிரில் இருப்பவரின் பேச்சு அவ்வளவு அடர்த்தியானது, ஒரே ஒரு சொல்லை ஒருக்களித்துக்கூட உள்ளே விட முடியவில்லை என்பது இந்தச் சொற்றொடரின் படம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அச்சில் வந்துவிட்ட பழைய வழக்கு இது. பிரிட்டனில் 'எட்ஜ்வேஸ்' என்பார்கள். அமெரிக்காவில் 'எட்ஜ்வைஸ்' என்பார்கள்.

பயன்படுத்தும்போது சில விஷயங்களில் கவனம் வேண்டும். இது பெரும்பாலும் எதிர்மறையில்தான் வரும்: முடியவில்லை, முடியாது. 'எ வர்ட்' என்று ஒருமையிலேயே நிற்கும். 'வர்ட்ஸ்' என்று பன்மையாக்கினால் காதுக்கு உறுத்தும். 'எட்ஜ்வேஸ்' என்பதை விட்டுவிட்டு 'ஐ குடுன்ட் கெட் எ வர்ட் இன்' என்று மட்டும் சொன்னாலும் பொருள் அதுவே. பேச்சு முடிந்த பிறகு, மூன்றாவது ஆளிடம் சொல்லும் வாக்கியம் இது. வாய் ஓயாமல் பேசும் அத்தையைப் பற்றி அன்போடும் சொல்லலாம். ஒரு கூட்டத்தைப் பற்றிச் சலிப்போடும் சொல்லலாம். ஆனால் பேசிக்கொண்டிருப்பவரின் முகத்துக்கு நேரே சொன்னால் அது குற்றச்சாட்டாகிவிடும். மேலதிகாரியிடம் வேண்டவே வேண்டாம்.

பூட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

பேச முடியவில்லை என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதை ஆங்கிலம் பிரித்துச் சொல்கிறது. அந்தப் பிரிவு நமக்குப் பயன்படும். 'டங் டைட்' என்றால் கூச்சத்தால் நா எழவில்லை. 'லாஸ்ட் ஃபார் வர்ட்ஸ்' என்றால் அதிர்ச்சியாலோ நெகிழ்ச்சியாலோ சொல் வரவில்லை. 'டாக்டு ஓவர்' என்றால் நான் தொடங்கிவிட்டேன், இன்னொருவர் என் மேல் ஏறிப் பேசிவிட்டார். நம் 'எட்ஜ்வேஸ்' இவற்றிலிருந்து வேறு. சொல் தயாராக இருக்கிறது, துணிச்சலும் இருக்கிறது, நுழைய இடம்தான் இல்லை.

அடுத்த கூட்டத்தில் வாய் மூடிப்போகும் கணத்தில் உங்களையே கேட்டுப் பாருங்கள்: எனக்குச் சொல் கிடைக்கவில்லையா, இடம் கிடைக்கவில்லையா? நம்மவர்கள் பலரும் இடம் கிடைக்காததைச் சொல் கிடைக்கவில்லை என்று தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். "என் இங்கிலீஷ் போதாது" என்று சொல்லி மேலும் இலக்கணம் படிக்கிறார்கள், சொற்களை மனப்பாடம் செய்கிறார்கள். ஓர் ஆண்டு கழித்தும் அதே நாற்காலியில் அதே மௌனத்தோடு அமர்ந்திருக்கிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அவர்களுக்கு வேண்டியது இன்னும் ஆயிரம் சொற்கள் இல்லை; ஐந்தில் ஒரு விநாடியைப் பற்றிய அறிவு.

ஐந்தில் ஒரு விநாடி

1974இல் ஹார்வி சாக்ஸ், இமானுவேல் ஷெக்லாஃப், கெயில் ஜெஃபர்சன் ஆகிய மூவர், மனிதர்கள் முறை வைத்துப் பேசுவது எப்படி நடக்கிறது என்பதை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பதிவுசெய்யப்பட்ட அன்றாடப் பேச்சுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு அவர்கள் கண்ட விதி எளியது. ஒருவர் பேச்சு முடியக்கூடிய இடத்துக்கு வரும்போது, அவர் அடுத்தவரைக் கேள்வி கேட்டோ பெயர் சொல்லியோ அழைத்திருந்தால் முறை அவருக்குப் போகும். யாரையும் அழைக்கவில்லை என்றால், முதலில் தொடங்குபவருக்குப் போகும். யாருமே தொடங்காவிட்டால், பேசியவரே தொடரலாம்.

நடுவிலுள்ள விதியை மீண்டும் ஒரு முறை படியுங்கள். முதலில் தொடங்குபவருக்கே முறை. மூத்தவருக்கு என்றோ, அதிகம் தெரிந்தவருக்கு என்றோ, இதுவரை பேசாதவருக்கு என்றோ அந்த விதியில் எதுவும் இல்லை. பெரியவர்கள் பேசி முடித்து "நீ என்னப்பா சொல்கிறாய்?" என்று கேட்பார்கள் எனக் காத்திருந்து வளர்ந்தவர்கள் நாம். அந்த மேசையில் யாரும் என்னை ஒதுக்கவில்லை. என்னை அழைப்பார்கள் என்று நான் காத்திருந்தேன். பேச வேண்டியிருந்தால் பேசுவான் என்று அவர்கள் காத்திருந்தார்கள்.

அப்படியானால் எவ்வளவு விரைவாகத் தொடங்க வேண்டும்? 2009இல் பத்து மொழிகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது. கேள்விக்கும் பதிலுக்கும் இடையே எவ்வளவு நேரம் கழிகிறது என்று அளந்தார்கள். ஜப்பானியர்கள் சற்று வேகம், டேனிஷ் மொழியினர் சற்று நிதானம். ஆனாலும் எல்லா மொழிகளையும் சேர்த்துப் பார்த்தால் இடைவெளி ஏறத்தாழ 200 மில்லி விநாடி. ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. கண் இமைக்கும் நேரத்துக்குச் சற்றுக் கூடுதல் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதோடு இன்னோர் அளவையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு படத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொன்னால், தாய்மொழியிலேயே ஒரு சொல் நாவுக்கு வர ஏறக்குறைய 600 மில்லி விநாடி ஆகிறது. முழு வாக்கியத்துக்கு இன்னும் கூடுதல். இடைவெளியோ 200தான். ஆக, பேச்சில் உடனே நுழைகிறவர்கள் மற்றவர் முடித்த பிறகு யோசித்துத் தொடங்குவதில்லை. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, முடிவை முன்கூட்டி ஊகித்து, தங்கள் முதல் சொல்லை வாயில் வைத்திருக்கிறார்கள். நாமோ அவர் முடிக்கும்வரை மரியாதையாகக் கேட்டு, முடிந்ததும் தமிழில் நினைத்து, ஆங்கிலத்தில் அடுக்கி, வினைச்சொல்லின் காலம் சரியா என்று பார்த்துவிட்டு வாயைத் திறக்கிறோம். அதற்குள் இன்னொருவர் இரண்டாவது வாக்கியத்தில் இருக்கிறார்.

இந்தக் கணக்கு புரிந்த நாள் எனக்கு நிம்மதி தந்த நாள். என் அறிவில் குறை இல்லை, என் கடிகாரத்தில்தான் வேறுபாடு. கடிகாரத்தைத் திருத்திக்கொள்ள முடியும்.

யோசிக்கத் தேவையில்லாத முதல் சொற்கள்

திருத்தும் வழி இது. முதல் ஒன்றரை விநாடிக்கு என்ன சொல்வது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். விஷயம் என்னவாக இருந்தாலும் பொருந்துகிற ஒரு தொடக்கம். அது மெல்லிய விளிம்பு. அதைச் செருகிவிட்டால், பின்னால் வரும் கருத்தை அடுக்கிக்கொள்ள உங்களுக்கு நேரம் கிடைக்கும்.

பிரிட்டிஷ் அலுவலகங்களில் நான் திரும்பத் திரும்பக் கேட்டவை: "கேன் ஐ ஜஸ்ட் கம் இன் தேர்?", "ஜஸ்ட் ஆன் தட்", "பிஃபோர் வீ மூவ் ஆன்". இவற்றில் 'ஜஸ்ட்' என்ற சிறு சொல் நிறைய வேலை செய்கிறது. அதிக நேரம் எடுக்க மாட்டேன் என்ற உறுதி அதில் இருக்கிறது. அதனால் எதிரில் இருப்பவர் எளிதாக விட்டுக்கொடுக்கிறார். 'ஜஸ்ட் ஆன் தட்' என்பது நீங்கள் சொன்னதை ஒட்டியே பேசுகிறேன் என்று காட்டுவதால், வெட்டிப் பேசிய குற்றமும் வராது. நமக்குப் பிடித்தமான "எக்ஸ்கியூஸ் மீ, மே ஐ சே சம்திங்?" தவறான ஆங்கிலம் இல்லை. ஆனால் நீளம் அதிகம், பணிவும் அதிகம்; எல்லோரும் திரும்பிப் பார்த்து, ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று எதிர்பார்ப்பார்கள். அந்த எதிர்பார்ப்பின் பாரம் நம்மையே அழுத்தும்.

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றே ஒன்று போதும். குளிக்கும்போதும் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதும் வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் பெயரைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வீர்களே, அந்த அளவுக்கு அது நாவில் பழக வேண்டும். மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பது போதாது. உதடு அசைய வேண்டும்.

எந்த இடத்தில் நுழைவது

கதவு எப்போது திறக்கும் என்று காது சொல்லிவிடும், பழக்கினால். மூன்று அடையாளங்கள் சேர்ந்து வரும்: வாக்கியம் இலக்கணப்படி முடிகிறது, குரல் தாழ்கிறது, கடைசி அசை சற்று இழுபடுகிறது. இவை மூன்றும் ஒன்றாக வரும் இடம்தான் உங்கள் இடம். குரல் தாழ்வது எவ்வளவு வலிய அடையாளம் என்பதற்கு ஓர் உண்மைக் கதை உண்டு. பிரிட்டனின் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சர் தொலைக்காட்சி நேர்காணல்களில் ஏன் அத்தனை முறை குறுக்கிடப்படுகிறார் என்ற கேள்வியை ஜெஃப்ரி பீட்டி என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து, 1982இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். தாட்சர் தன் பேச்சை முடிக்காத இடங்களிலும் அவர் குரல் வேகமாகக் கீழே இறங்கியது. முடித்துவிட்டார் என்று நினைத்து நேர்காணல் செய்பவர் தொடங்கிவிட்டார். அவ்வளவு பெரிய தலைவருக்கே அப்படி என்றால், குரலின் இறக்கம் எவ்வளவு பெரிய சைகை என்று பாருங்கள். இதிலிருந்து நமக்கு இரண்டு பாடம்: மற்றவர் குரல் இறங்கும் இடத்தில் நுழையுங்கள்; நீங்கள் முடிக்காத இடத்தில் உங்கள் குரலை இறங்க விடாதீர்கள்.

மூச்சை நம்பி ஏமாறாதீர்கள். பேச்சில் தேர்ந்தவர்கள் வாக்கியத்தின் முடிவில் மூச்சு வாங்குவதில்லை. 'பிகாஸ்', 'ஆண்ட்', 'ஸோ' போன்ற சொல்லைச் சொல்லிவிட்டு, நடுவில் நிறுத்தி வாங்குகிறார்கள். அங்கே மௌனம் இருக்கும், ஆனால் இடம் இருக்காது. அந்த மௌனத்தில் நுழைந்தால்தான் முரட்டுத்தனமாகத் தோன்றும். மாறாக, வாக்கியம் முடிந்த இடத்தில் அரை அசை முன்னதாக நுழைந்தாலும் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். எவ்வளவு சத்தமாக நுழைகிறீர்கள் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எங்கே நுழைகிறீர்கள் என்பதைத்தான் எடுக்கிறார்கள்.

இதற்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். வானொலியிலோ இணையத்திலோ நாலைந்து பேர் பேசும் ஆங்கில விவாதம் ஒன்றைப் போடுங்கள். பொருளைக் கவனிக்க வேண்டாம். ஒவ்வொருவர் பேச்சும் முடியப்போகிறது என்று தோன்றும் இடத்தில் மேசையை விரலால் தட்டுங்கள். முதல் நாள் எல்லாத் தட்டும் பிந்திவிடும். பத்து நாளில் உங்கள் தட்டும் அடுத்தவரின் தொடக்கமும் ஒன்றாக விழும். பிறகு விரலை நிறுத்திவிட்டு, அதே இடத்தில் "ஜஸ்ட் ஆன் தட்" என்று வாயால் சொல்லுங்கள். எனக்குக் கைகொடுத்த பயிற்சிகளில் இதற்கு இணையான வேறொன்று கிடையாது.

உடல் முதலில் பேசட்டும்

லண்டனில் மக்களவை நடப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஒருவர் பேசி முடித்ததும் பலர் இருக்கையிலிருந்து எழுந்து எழுந்து அமர்வார்கள். அவைத் தலைவரின் கண்ணில் படுவதற்கான முறை அது. அதற்கு 'பாபிங்' என்றே பெயர். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது இடையில் ஏதாவது சொல்ல வேண்டுமானால், எழுந்து நின்று, வழிவிடுவீர்களா என்று கேட்க வேண்டும். அவர் விட்டால் பேசலாம், விடாவிட்டால் அமர வேண்டும். சொல் வருவதற்கு முன் உடல் வந்துவிடுகிறது.

அலுவலக மேசையில் எழுந்து நிற்க வேண்டியதில்லை. நாற்காலியின் முதுகிலிருந்து விலகி முன்னே வாருங்கள். கைகளை மேசை மேல் வையுங்கள். மூச்சைக் கேட்கும்படி உள்ளே இழுங்கள். பேனா பிடித்த கையை இரண்டு அங்குலம் உயர்த்துங்கள். பேசுபவரைப் பார்ப்பதைவிடக் கூட்டத்தை நடத்துபவரின் கண்ணைப் பாருங்கள். பாதி நேரம் அவரே உங்கள் பெயரைச் சொல்லி அழைத்துவிடுவார். நாற்காலியில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டிருப்பவர் பேச விரும்பவில்லை என்றுதான் அங்கே எடுத்துக்கொள்வார்கள். நான் அந்த முதல் கூட்டத்தில் அப்படித்தான் அமர்ந்திருந்தேன்.

உள்ளே வந்த பிறகு

நுழைந்துவிட்டீர்கள். இப்போது முதல் வாக்கியத்திலேயே விஷயத்தை வைத்துவிடுங்கள். நாம் பின்னணி சொல்லி, காரணம் சொல்லி, கடைசியில் முடிவைச் சொல்லப் பழகியவர்கள். அந்த வரிசையில் போனால், முடிவுக்கு வருமுன் யாராவது பேச்சை எடுத்துவிடுவார்கள். "வரைபடம் பழையது, மட்டம் மாறிவிட்டது" என்பது முதலில். ஏன், எப்போது, யார் என்பவை பிறகு. இரண்டு விஷயம் சொல்ல வேண்டுமானால் "டூ குயிக் திங்ஸ்" என்று எண்ணிக்கையை அறிவித்துவிடுங்கள். முதலாவது முடிந்ததும் யாரும் நுழைய மாட்டார்கள். இரண்டாவது வரப்போகிறது என்று காத்திருப்பார்கள். மூன்று சொல்லில் அடுத்த அரை நிமிடத்தை வாங்கிவிடுகிறீர்கள்.

உங்கள் மேல் யாராவது ஏறிப் பேசினால்? இங்கேதான் நம்மவர்கள் உடனே வாயை மூடிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். இரண்டு குரல் மோதுவது பேச்சில் எப்போதும் நடப்பது; ஓரிரு அசைக்குள் ஒருவர் நிறுத்திவிடுவார். அந்த ஒருவர் எப்போதும் நீங்களாகவே இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. குரலை உயர்த்தாமல், வேகத்தைக் கூட்டாமல், அதே வாக்கியத்தைத் தொடருங்கள். அப்போதும் அவர் நிறுத்தாவிட்டால் "லெட் மீ ஜஸ்ட் ஃபினிஷ் திஸ்" என்று அமைதியாகச் சொல்லுங்கள்.

இதை உலகமே பார்த்த ஒரு காட்சி உண்டு. 2020 அக்டோபர் 7 அன்று அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர்களின் விவாதத்தில் அப்போதைய துணை அதிபர் மைக் பென்ஸ் குறுக்கிட்டபோது, கமலா ஹாரிஸ் "மிஸ்டர் வைஸ் பிரசிடென்ட், ஐம் ஸ்பீக்கிங்" என்றார். சென்னையில் பிறந்து அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்ற ஷியாமளாவின் மகள் அவர். அந்தக் காணொளியைத் தேடி, ஒலியோடு ஒரு முறையும் ஒலி இல்லாமல் ஒரு முறையும் பாருங்கள். சொற்களைவிட அந்த முகத்தைக் கவனியுங்கள். புன்னகை கலையவில்லை, பார்வை விலகவில்லை. ஆனால் அலுவலகத்தில் "ஐம் ஸ்பீக்கிங்" என்பது கனமான சொல். விவாத மேடைக்குத்தான் அது பொருந்தும். நமக்கு 'லெட் மீ ஜஸ்ட் ஃபினிஷ்' போதும்.

துணையும் முன்னேற்பாடும்

ஒபாமா ஆட்சிக் காலத்தில் வெள்ளை மாளிகையில் பணியாற்றிய பெண் அதிகாரிகள் தங்கள் பேச்சு கூட்டங்களில் எடுபடவில்லை என்று கண்டு, தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டதாக 2016இல் செய்தி வந்தது. ஒருவர் முக்கியமான கருத்தைச் சொன்னால் இன்னொருவர் அதைத் திரும்பச் சொல்லி, சொன்னவர் பெயரையும் குறிப்பிடுவார். கருத்து காற்றோடு போகாது, வேறொருவர் பெயரிலும் ஒட்டாது. உங்கள் குழுவில் இன்னொரு புதியவர் இருந்தால் அவரோடு இதைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஊர் எது, மொழி எது என்பது முக்கியமே இல்லை. என்னோடு இப்படித் துணை நின்றவர் போலந்துக்காரர்.

கூட்டத்துக்கு முன்பே வேலை நடக்கட்டும். நடத்துபவரிடம் காலையில் ஒரு வரி: வடிகால் பற்றி எனக்கு ஒரு விஷயம் சொல்ல இருக்கிறது, ஐந்து நிமிடம் வேண்டும். நிகழ்ச்சி நிரலில் உங்கள் பெயர் ஏறிவிட்டால் ஐந்தில் ஒரு விநாடிக்காகப் போராடவே வேண்டாம். இது பலவீனம் என்று நினைக்காதீர்கள். அங்கே மூத்தவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

காணொளிக் கூட்டம்

இங்கே கணக்கே மாறுகிறது. குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகத் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அந்த நல்ல நிலையிலேயே பாருங்கள்: அவர் நிறுத்தியது உங்களுக்கு 150 கழித்துக் கேட்கிறது, நீங்கள் தொடங்கியது அவருக்கு இன்னொரு 150 கழித்துக் கேட்கிறது. மொத்தம் 300. இயல்பான இடைவெளியான 200 அதற்குள் கடந்துபோய்விட்டது, அவர் தொடர்ந்துவிட்டார். எவ்வளவு திறமை இருந்தாலும் இங்கே காதை நம்பிப் பயனில்லை. கையுயர்த்தும் பொத்தானைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். விண்டோஸ் கணினியில் ஜூம் செயலிக்கு ஆல்ட்டும் ஒய்யும், டீம்ஸ் செயலிக்கு கன்ட்ரோல், ஷிஃப்ட், கே மூன்றும் சேர்த்து அழுத்த வேண்டும். உங்கள் ஒலிவாங்கியை முன்கூட்டியே திறந்து வையுங்கள். அது திறக்க ஆகும் நேரமும் நேரமே. கையை யாரும் கவனிக்காவிட்டால் அரட்டைப் பெட்டியில் ஒரு வரி எழுதுங்கள். எழுதியது அங்கே நிற்கும்.

மருத்துவரிடம்

புதிதாக பிரிட்டன் வருகிறவர்கள் அதிகம் தவிக்கும் இடம் இதுவும்தான். குடும்ப மருத்துவரைப் பார்க்க வழக்கமாகக் கிடைப்பது பத்து நிமிடம். அமெரிக்காவில் 1984இல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கிய சராசரியாக 18 விநாடியில் மருத்துவர் குறுக்கிட்டதாகக் கண்டார்கள். உறவினர் வீட்டுக்குப் போய், சாப்பிட்டது, தூங்காதது என்று வரிசையாகச் சொல்லிக் கடைசியில் நெஞ்சுவலிக்கு வருகிறோமே, அப்படி இங்கே சொல்லக்கூடாது. நெஞ்சுவலி முதல் வாக்கியம். மூன்று குறை இருந்தால், மூன்று என்று முதலிலேயே சொல்லி மூன்றின் பெயரையும் சொல்லிவிடுங்கள். தாளில் எழுதிக்கொண்டு போய் அதைப் பார்த்தே படிக்கலாம். யாரும் தவறாக நினைப்பதில்லை. ஆங்கிலம் சிரமமாக இருந்தால் நேரம் பதிவு செய்யும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

குறுக்கே பேசுவது தவறில்லையா?

இந்தக் கேள்வி உங்களுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும் என்று தெரியும், எனக்கும் இருந்தது. மொழியியலாளர் டெபோரா டானன் 1978இல் கலிபோர்னியாவில் நன்றி நவிலல் நாள் (தேங்க்ஸ்கிவிங்) விருந்து ஒன்றின் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்தார். மேசையில் ஆறு பேர். நியூயார்க்கிலிருந்து வந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் ஏறிப் பேசினார்கள். அவர்களுக்கு அது ஆர்வத்தின் அடையாளம், நான் உன்னோடு இருக்கிறேன் என்ற உறுதி. மற்றவர்கள் இடைவெளிக்காகக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு அது மரியாதையின் அடையாளம். இடைவெளி வரவே இல்லை. யாரும் யாரையும் அவமதிக்க நினைக்கவில்லை.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களை நினைத்துக்கொண்டேன். பந்தியில் சித்தி, அத்தை, பெரியம்மா மூவரும் ஒரே நேரத்தில் மூன்று கதை பேசுவார்கள். ஒருவர் கதைக்கு இன்னொருவர் நடுவில் 'உம்' போடுவார், திருத்துவார், முடித்தும் வைப்பார். யாருக்கும் குறுக்கே பேசியதாகத் தோன்றாது. அந்தக் கலை நமக்குப் பிறந்த வீட்டிலேயே தெரியும். 'பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே' என்ற சொல் நம்மைத் தடுப்பது அதிகாரம் இருக்கும் அறைகளில் மட்டும்தான். வெளிநாட்டு அலுவலகம் முழுவதையும் நாம் அந்த அறையாக நினைத்துக்கொள்கிறோம். தேநீர் நேரத்தில் பேசிப் பழகுங்கள். மழை, கால்பந்து, பேருந்து தாமதம் என்று எதைப் பற்றியாவது. அங்கே தவறினால் இழப்பதற்கு ஒன்றும் இல்லை. அங்கே குரல் கேட்டுப் பழகியவருக்குத்தான் கூட்டத்திலும் காது கொடுப்பார்கள்.

எல்லாம் செய்தும் ஒரு நாள் இடம் கிடைக்காமல் போகும். அப்போது கூட்டம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் மின்னஞ்சல் எழுதுங்கள். நான்கு வரி போதும்: கூட்டத்தில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை, விஷயம் இது, ஆதாரம் இணைப்பில், என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள். மறுநாள் காலைக்குத் தள்ளிவைக்காதீர்கள். இரவு முழுவதும் அந்த ஐயம் உங்களோடு படுத்திருக்கும். காலையில் அனுப்பும் மனம் இருக்காது.

என் நான்காவது மாதத்தில், அதே அறையில், அதே ஏழு பேர். ஒருவர் வாக்கியம் முடிந்து குரல் தாழ்ந்தது. "ஜஸ்ட் ஆன் தட்" என்றேன். எனக்கு எதிரே இருந்தவரும் அதே கணம் தொடங்கினார். இரண்டு அசை மோதியது. நான் நிறுத்தவில்லை. அவர் கையைத் திருப்பி என் பக்கம் நீட்டினார்: "ஸாரி, கோ ஆன்."